சாம்பல் புதனுக்கு முன்னால

ஜன்னலோரம் எனக்கா விட்டுக் குடுக்குறீங்க? நல்லா இருங்க சார். இந்த வெள்ளை அங்கிக்கு பஸ்ஸுல இன்னும் மரியாதை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. எங்க ஆளுங்க இப்பல்லாம் என்னைக் கண்டா செல்போனுக்குள்ள தலையை விட்டுக்கிறாங்க. நீங்க நெத்தி நிறைய திருநீறோட எந்திரிச்சு இடம் விடுறீங்க. இதை ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல சொல்லணும் நான்.

டவுன் வரைக்குமா? நானும் அங்கதான். ஆயர் இல்லத்துக்குப் போறேன். ஆயர்னா பிஷப், எங்க எல்லாருக்கும் மேல உள்ளவர். ஒரு அனுமதி வாங்கணும். ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவாங்க, அப்புறம் நாளைக்குத்தான். இந்த டிரைவர் உருட்டுற உருட்டைப் பார்த்தா மாதாதான் நம்மளைக் கொண்டு சேர்க்கணும்.

குருசுமேட்டுப் பங்குச் சாமியார் நான். சூசைமாணிக்கம்னு பேரு. ஆறு வருஷமா அங்க இருக்கேன். எங்க கோயிலுக்கு உட்பட்டது நானூறு குடும்பம், அதைத்தான் பங்குன்னு சொல்றது. காலையில அஞ்சரைக்குப் பூசை வைக்கிறேன், அதுக்கு வர்றது பதினோரு பேரும் ஒரு நாயும். நாய் ஒரு நாள் கூடத் தவறினதில்லை. சாமியார் வேலைன்னா நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம்னு நினைப்பீங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார். பாதி நாள் மைக் செட்டுக்காரனோட மல்லுக்கட்டுறது. மீதி நாள் தேருக்கு எந்தத் தெரு முதல்லன்னு பஞ்சாயத்து. குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு மட்டும் கோயில் கொள்ளாது, ஓலை வாங்குற வரைக்கும். ஓலை கைக்கு வந்ததும் பாதிப் பேரு வாசல்ல நின்னு புறணி.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். கல்யாணம். கல்யாணத்துக்கு வர்ற பொண்ணும் மாப்பிள்ளையும் என் முன்னாடி நின்னு மந்திரம் ஒப்பிக்கணும். மந்திரம்னா எங்க ஜெபங்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், எல்லாம் பார்க்காம சொல்லணும். ஒரு வரி தப்பினாலும் திருப்பி அனுப்பிடுவேன். பக்கத்துப் பங்குல எல்லாம் இப்ப அதைக் கேட்கிறதே இல்லை. போட்டோக்காரன் நேரத்துக்கு வந்தானான்னுதான் கேட்கிறாங்க. நான் கேட்பேன். அதுக்காக என்னைத் திட்டாத ஆளு குருசுமேட்டுல இல்லை.

ஒப்பிச்சு முடிச்சாத்தான் ஓலை வாசிப்பேன். அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு மூணு ஞாயிறு பூசையில அறிவிக்கிறது. மூணு ஓலை முடிஞ்சாத்தான் தாலி. இன்னொண்ணும் இருக்கு. சாம்பல் புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிச்சிடும், உங்களுக்கு மார்கழி மாதிரின்னு வச்சுக்குங்க. ஈஸ்டர் முடியிற வரைக்கும் நாங்க கல்யாணம் வைக்கிறதில்லை. பிஷப்கிட்ட அனுமதி இருந்தா உண்டு. அதைத்தான் வாங்கப் போறேன் இன்னைக்கு. ஒரு கல்யாணத்தைத் தவக்காலத்துலயே வச்சு முடிக்கணும்.

யாருக்குன்னா கேட்கிறீங்க? அதைச் சொல்லணும்னா போன வருஷத்துல இருந்து சொல்லணும். நேரம் இருக்கே, சொல்றேன்.

எங்க பங்குல மதலேன்னு ஒரு அம்மா. புருஷன் இல்லை, ரெண்டு பொண்ணு. மூத்தவ பவுலின், இளையவ எமல்டா. பவுலின் நல்ல புள்ளை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சின்னப் புள்ளைங்களுக்கு மறைக்கல்வி நடத்துவா. முப்பது வாலுங்களை உட்கார வச்சு மந்திரம் சொல்லிக் குடுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவ சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் இட்லி சாப்பிடுவேன்.

அவளுக்கு தார்சியுஸ்னு ஒரு பையனைப் பேசி முடிச்சாங்க. எங்க பங்குதான். செங்கல் சூளை வச்சிருக்கான். தங்கமான பையன் சார். தேர்த் திருவிழாவுக்கு டிராக்டர் அவனுது. மாதா கெபி, அதான் குகை மாதிரிச் சின்னக் கோயில், கட்டினப்ப செங்கல் பூரா அவன் சூளையில இருந்து வந்துச்சு. பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்குப் பாரச் சிலுவையை அவன்தான் தூக்குவான், வேற யாரையும் தொட விடமாட்டான். என் முன்னாடி ஒரு நாள் உட்கார்ந்து பேசினதில்லை, கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். மதலேன் குடும்பமே அவன் சூளையிலதான் வேலை பார்த்துச்சு, இருந்த வீடும் சூளைக்காரன் வீடுதான். அவனே வந்து பொண்ணு கேட்டா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. என்கிட்ட வந்து அழுதே அழுதுருச்சு, மாதா கண்ணைத் திறந்துட்டா சாமின்னு.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம்னு குறிச்சாங்க. கணக்குப் பார்த்தா ஜனவரி மூணாவது வாரத்துக்குள்ள மந்திரம் ஒப்பிச்சிடணும். அந்த ஞாயிறு முதல் ஓலை வாசிச்சாத்தான் மூணு ஓலை முடியும். ஒரு வாரம் தப்பினாலும் கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம் போயிடும்.

செவ்வாக்கிழமை வந்தாங்க. தார்சியுஸ் கடகடன்னு ஒப்பிச்சுட்டான், ஒரு எழுத்துப் பிசகலை. அடுத்து பவுலினைக் கூப்பிட்டேன். இவளுக்கு என்ன, முப்பது புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ, ரெண்டு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். பத்துக் கட்டளை சொன்னா. விசுவாசப் பிரமாணம் ஆரம்பிச்சா. நல்லாத்தான் வந்தா. பொந்தியு பிலாத்துன்னு ஒரு இடம் வரும். பிலாத்து யாருன்னு தெரியுமா உங்களுக்கு? குத்தம் இல்லைன்னு தெரிஞ்சும் கையைக் கழுவிட்டு இயேசுவுக்குத் தண்டனை குடுத்த அதிகாரி. அந்தப் பேரைச் சொன்னா, அதோட நிறுத்திட்டா. என்னையே பார்க்கிறா. மேல சொல்லும்மாங்கிறேன். பார்த்துக்கிட்டே நிக்கிறா.

"வரலை ஃபாதர்"ங்கிறா. "இன்னொரு நாள் வரட்டுமா?"

எனக்குக் கோபம் வந்துருச்சு சார். மறைக்கல்வி நடத்துறவளுக்கே வரலைன்னா அப்புறம் யாருக்கு வரும்? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாம் உதட்டுலதான், உள்ள ஒண்ணும் இல்லைன்னு நல்லாத் திட்டிட்டேன். வியாழக்கிழமை வான்னு அனுப்பிட்டேன்.

வியாழக்கிழமையும் அதே கதை. அதே இடம். பிலாத்து வரைக்கும் தண்ணி மாதிரி வர்றா, அங்க வந்து நிக்கிறா, என் முகத்தைப் பார்க்கிறா. அன்னைக்கு அவ மணிக்கட்டுல துணி சுத்தியிருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். வளையல் உடைஞ்சு கிழிச்சுருச்சு ஃபாதர், பாத்திரம் விளக்கும்போதுன்னு தார்சியுஸ் சொன்னான். அவளைப் பார்த்து உருகுவான் சார், அவ்வளவு அக்கறை. அவ வீட்டுல பாத்திரம் விளக்கும்போது வளையல் உடைஞ்சது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான்.

அவன் எப்பவும் கூடத்தான் இருப்பான். விசாரிக்கும்போது பொண்ணைத் தனியாக் கேட்கணும், மாப்பிள்ளையைத் தனியாக் கேட்கணும்னு எங்க சட்டத்துல இருக்கு. ஆனா நான் பொம்பளைப் புள்ளையை வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தமாட்டேன். யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது பாருங்க. கதவு அகலத் திறந்திருக்கும். வாசல் பெஞ்சுல தார்சியுஸும் மதலேனும் உட்கார்ந்திருப்பாங்க. நாங்க பேசுறது அவங்களுக்கும் கேட்கும், ஒளிவு மறைவே கிடையாது. முப்பத்திரண்டு வருஷமா குருவா இருக்கேன், என் மேல ஒரு புகார் உண்டா?

அந்த விசாரணைப் படிவத்துல ஒரு கேள்வி இருக்கும். யாரோட கட்டாயமும் இல்லாம முழு மனசோட சம்மதிக்கிறாயான்னு. அதை நான் கேட்கிறதே இல்லை. எல்லாரும் ஆமாம்னுதான் சொல்லப் போறாங்க. நானே ஆம்னு எழுதிடுவேன், நேரம் மிச்சம். பவுலினுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

என் வீட்டுல சமைச்ச அம்மா ஒருத்தி, அற்புதம்னு பேரு. கைப்பக்குவம்னா அப்படி ஒரு பக்குவம். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு வாழைக்காயைக் கூட என் கண்ணுல காட்டமாட்டா. அந்த வியாழக்கிழமை சோறு போட்டுக்கிட்டே சொன்னா, "சாமி, அந்தப் புள்ளைக்கு மந்திரம் தெரியாம இல்லை. இந்தக் கல்யாணம் வேண்டாம் போல"ன்னு. நான் சிரிச்சேன். வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்றதுதானே, அவ என்ன ஊமையான்னு கேட்டேன். அற்புதம் மோர்ச் சட்டியை வச்சுட்டுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு எதுலயும் ஒரு கதை வேணும் சார். நாள் முழுக்க டிவி நாடகம் பார்க்கிறது, அப்புறம் ஊரே நாடகமாத் தெரியுது.

சனிக்கிழமை. அன்னைக்கு விட்டா அவ்வளவுதான். பவுலின் வந்து நின்னதும் முதல்ல ஒரு கேள்வி கேட்டா. "இன்னைக்கும் வரலைன்னா ஈஸ்டருக்கு அப்புறம்தானே ஃபாதர்?" மெதுவா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பாவம், கல்யாணம் தள்ளிப் போயிடுமோன்னு பயப்படுறாளேன்னு எனக்கு மனசு இளகிப்போச்சு. பயப்படாதம்மா, நிதானமாச் சொல்லுன்னு தைரியம் சொன்னேன். சொன்னா. பிலாத்துல நின்னுட்டா.

இந்தத் தடவை ரொம்ப நேரம். சுவர்க் கடிகாரம் ஓடுற சத்தம் கேட்குது. அவ கண்ணு நிறைஞ்சிருச்சு, ஆனா என் முகத்தை விட்டு எடுக்கலை. சரி, விதிச்சது இதுதான், ஈஸ்டருக்கு அப்புறம் பார்க்கலாம்னு சொல்லப் போனேன். நிஜமாத்தான் சார், வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள மதலேன் உள்ள ஓடி வந்து என் காலைப் பிடிச்சுக்கிச்சு. தார்சியுஸ் வாசல்லயே நின்னான். கோபமே இல்லை அவனுக்கு. ஃபாதர் என்ன சொன்னாலும் சரி, நான் காத்திருப்பேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாப் போச்சு. ஒரு வரிக்காக இப்படிப்பட்ட பையனைக் காக்க வைக்கிறோமேன்னு தோணுச்சு.

என்ன செஞ்சேன் தெரியுமா? என்னோட சேர்ந்து சொல்லும்மான்னு நானே ஆரம்பிச்சேன். பிலாத்துல இருந்து கடைசி வரைக்கும் நான்தான் சொன்னேன். அவ உதடு அசைஞ்சுதா இல்லையான்னு கவனிக்கலை. ஆமென்னு முடிச்சு, பேனாவை எடுத்து அவ கையில குடுத்தேன். கையெழுத்துப் போட்டா. சட்டத்தை விட இரக்கம் பெருசு இல்லையா சார்? அதைத்தானே எங்க ஆண்டவரும் சொன்னாரு.

மூணு ஓலையும் முடிஞ்சு, குறிச்ச திங்கட்கிழமையே கல்யாணம் நடந்துச்சு. நிறைஞ்ச கூட்டம். சம்மதமான்னு கேட்டப்ப அவ சொன்னது யாருக்கும் கேட்கலை. மைக் செட்டுக்காரன் வழக்கம் போல சொதப்பிட்டான்.

அதுக்கப்புறம் அவ மறைக்கல்விக்கு வர்றதில்லை. கல்யாணமான பொண்ணு, சூளையில எத்தனை வேலை இருக்கும். ஞாயிறு பூசைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வருவாங்க. அவன் ஆம்பளைங்க பக்கம் உட்காராம அவ பக்கத்துலயே நிப்பான். பார்க்கவே நல்லா இருக்கும்.

ஒரே ஒரு தடவை தனியா வந்தா. செப்டம்பர் மாசம், மாதா திருவிழா முடிஞ்ச மறுநாள், உச்சி வெயில்ல. வயித்துல ஏழு மாசம். காலுல செருப்பு இல்லை. சூளைக்கும் கோயிலுக்கும் நாலு கிலோமீட்டர் சார். என் வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. அற்புதம் தண்ணி குடுத்துட்டு என்னை வந்து கூப்பிட்டா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், கை கழுவிட்டு வந்தேன். என்னம்மான்னு கேட்டேன். வீட்டுல சொல்லிட்டு வந்தியான்னு கேட்டேன். தண்ணிச் செம்பைக் கீழ வச்சா. கடைசியில சொல்றா, "இங்கயே கொஞ்ச நாள் இருக்கட்டுமா ஃபாதர்? கோயில் கூட்டுறேன், சமையலுக்கு ஒத்தாசை பண்றேன்."

நீங்களே சொல்லுங்க, சாமியார் வீட்டுல ஒரு புள்ளைத்தாச்சிப் பொண்ணை வச்சுக்க முடியுமா? ஊரு சும்மா விடுமா? நான் அவளை அதட்டலை. சம்சாரம்னா முன்ன பின்ன இருக்கும், விட்டுக் குடுத்துப் போகணும்னு நல்ல விதமா எடுத்துச் சொன்னேன். உள்ள போய் தார்சியுஸுக்கு போன் போட்டேன். பத்து நிமிஷத்துல பைக்குல வந்துட்டான். ஒரு வார்த்தை திட்டலை அவளை. வா போகலாம்னு கையை நீட்டினான். அவ எந்திரிச்சா. என் முன்னாடி முழங்கால்ல நின்னு ஆசீர்வாதம் கேட்டா. அந்த வயித்தை வச்சுக்கிட்டு. நெத்தியில சிலுவை போட்டு அனுப்பினேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வச்சோம்னு அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அற்புதம்தான் மத்தியானம் பூரா பாத்திரத்தைப் போட்டு உருட்டினா.

நவம்பர்ல குழந்தை. பொண்ணு. தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுல மூணு மாசமாவது இருக்கணுமில்லையா, இவன் பதினாறாம் நாளே வந்து கூட்டிட்டுப் போயிட்டான். பொண்டாட்டியைப் பிரிஞ்சு இருக்க முடியலையாம்.

ரயில்வே கேட் போட்டுட்டான் பாருங்க. மணி என்ன? பன்னெண்டு அஞ்சா? சரி, சரி. இன்னும் நேரம் இருக்கு.

ஜனவரியில மூணு ராசாக்கள் திருவிழா முடிஞ்ச புதன்கிழமை, பவுலின் செத்துப் போனா சார்.

சூளைக்கு மண்ணு வெட்டின பள்ளம் இருக்கும், மழை பெஞ்சா குளம் மாதிரி நிறைஞ்சிடும். குழந்தைத் துணி அலசப் போனவ வழுக்கி விழுந்துட்டா. தார்சியுஸ்தான் பார்த்து, குதிச்சு, தூக்கிட்டு வந்திருக்கான். அவன் சட்டை கூடக் கிழிஞ்சிருந்துச்சு, முகத்துல கீறல். எப்படிப் போராடியிருக்கான் பாருங்க. நான் போனப்ப குழந்தை கத்திக்கிட்டு கிடக்கு, இவன் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கிறான். எனக்கு நெஞ்சே வெடிச்சிடும் போல இருந்துச்சு. நான் ஞானஸ்நானம் குடுத்த புள்ளை இல்லை அவ, ஆனா ஆறு வருஷமா அவ குரலைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.

போலீஸ் வந்துச்சு. ஊருல யாரோ கொளுத்திப் போட்டிருக்காங்க. ரெண்டு பேரு என் வீட்டுக்கு வந்து, ஃபாதர் உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன். நல்ல பையன், ஒரு ஞாயிறு பூசை தவறினதில்லை, பாரச் சிலுவை தூக்குறவன்னு சொன்னேன். எழுதித் தர்றீங்களான்னு கேட்டாங்க. கோயில் சீல் வச்சே எழுதிக் குடுத்தேன். அப்புறம் அவங்க வரலை. அடுத்த ஞாயிறு புறணி பேசுறதைப் பத்தி நாப்பது நிமிஷம் பிரசங்கம் வச்சேன். ஒரு ஈ பறக்கிற சத்தம் கேட்கலை. நல்லா உறைச்சிருக்குன்னு நினைச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலமே அற்புதம் சாவியைக் கொண்டு வந்து மேசையில வச்சா. ஏன்னு கேட்டேன். "உங்களுக்குச் சோறு போட எனக்குக் கை வரலை சாமி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. என்ன வார்த்தை பாருங்க! ஆறு வருஷப் பழக்கம். இப்ப ஹோட்டல் சாப்பாடுதான். சர்க்கரை முன்னூறைத் தாண்டிருச்சு. அதுல ஞாபகம் வேற தவறுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எனக்கு நடுவுல நின்னு போயிடுது. ஜனங்க சொல்லிக்கிட்டே போறாங்க, நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன். முப்பத்திரண்டு வருஷமாச் சொன்னது சார். டாக்டர்கிட்ட கேட்டேன், சர்க்கரை அப்படித்தான் பண்ணும்னாரு. மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு.

கேட்டைத் திறந்துட்டான். நல்லது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பவுலினுக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் தார்சியுஸ் வந்தான். கூட மதலேன், கையில குழந்தை. அந்தம்மா தரையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவன்தான் பேசினான். குழந்தைக்குத் தாய் வேணும் ஃபாதர், வேற எவளோ வந்து எப்படிப் பார்ப்பாளோ, எமல்டாவையே கட்டிக்கிறேன்னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவன் வசதிக்கு எங்க வேணும்னாலும் பொண்ணு எடுக்கலாம். அந்தக் குடும்பத்தைக் கைவிடக் கூடாதுன்னு நினைக்கிறானே. ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கலாமேன்னு சொல்லிப் பார்த்தேன். குழந்தை பசியில துடிக்குது ஃபாதர்ங்கிறான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? பிஷப்கிட்ட தவக்கால அனுமதி வாங்குறேன், மூணு ஓலையையும் ஒண்ணாக் குறைக்கச் சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வர்ற செவ்வாக்கிழமை முடிச்சிடலாம்.

எமல்டாவா? சின்னப் பொண்ணுதான். பதினெட்டு முடிஞ்சு ரெண்டு வாரம். அதெல்லாம் பார்க்காம செய்வேனா, ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

நேத்துக் காலையில வந்தாங்க விசாரணைக்கு. கதவைத் திறந்து வச்சிருந்தேன். பெஞ்சுல அவன் உட்கார்ந்து குழந்தையை மடியில போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தான். எமல்டா என் எதிர்ல வந்து நின்னா. அக்கா ஜாடை அப்படியே. நான் ஒண்ணும் கேட்கலை. எல்லாத்தையும் நானே எழுதி வச்சிருந்தேன். கையெழுத்து மட்டும் போடும்மான்னு திருப்பி வச்சேன்.

அவ போடலை. "மந்திரம் கேட்கலையா ஃபாதர்?"ங்கிறா.

வேண்டாம்மா, துக்க வீடு, இந்த நேரத்துல உன்னைப் போட்டுக் கஷ்டப்படுத்தமாட்டேன்னு சொன்னேன். என் சர்வீஸ்லயே நான் மந்திரம் கேட்காம விட்ட முதல் பொண்ணு அவதான். போன தடவை அவ அக்காவை மூணு நாள் அலைய விட்டது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவையாவது சுலபமா முடிச்சுக் குடுப்போம்னு நினைச்சேன்.

"கேளுங்க ஃபாதர்"ங்கிறா. மெதுவா. "அக்காகிட்ட கேட்டீங்க இல்ல. என்கிட்டயும் கேளுங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க."

வெளிய குழந்தையைத் தட்டுற சத்தம் நின்னு போச்சு.

நான் அவ முகத்தைப் பார்க்கலை சார். பார்க்கலை. படிவத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உன்னை எனக்குத் தெரியாதாம்மா, உனக்கு எல்லாம் வரும், போடுன்னு சொன்னேன். அவ நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் பேனாவை எடுத்தா. கையெழுத்துக் கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு, பரவாயில்லை, பிஷப் அதையெல்லாம் பார்க்கமாட்டாரு.

இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. நீங்க ஏன் சார் ஒண்ணுமே பேசமாட்டேங்கிறீங்க? நானே பேசிக்கிட்டு வர்றேன். யார்கிட்டயும் இதையெல்லாம் இப்படி உட்கார்ந்து சொன்னதில்லை. எதுக்குச் சொன்னேன்னும் தெரியலை. நான் செஞ்சதுல ஏதாச்சும் தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. சட்டம் என்ன சொல்லுதோ அதைச் செஞ்சேன், சட்டம் சொல்லாத இடத்துல இரக்கப்பட்டேன். ஒரு சாமியார் வேற என்ன செய்ய முடியும்?

சரி விடுங்க. அந்தா தெரியுது பாருங்க, பெரிய கேட்டு, அதான் ஆயர் இல்லம். மணி பன்னெண்டே முக்கால். நல்ல வேளை, பூட்டுறதுக்குள்ள வந்துட்டோம். கண்டக்டர், இங்க ஒரு ஆள் இறக்கம்.

கொஞ்சம் காலை எடுங்க சார்.

சார், உங்களைத்தான். வண்டி நின்னுருச்சு, காலை எடுங்க. நான் இறங்கணும்.